மார்கழியில் சுற்றிய மின்விசிறி

கொல்கத்தாவுக்கு டிசம்பர், ஜனவரியில் வரப்போகிறவர்கள் எல்லோரும் எனக்கு ஃபோன் செய்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அங்கே குளிருமா? கேட்பது சுலபம். பதில் சொல்வதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடும். குளிரும் என்று சொன்னால் பெட்டி நிறையக் கம்பளி கட்டிக்கொண்டு வந்து, நட்டநடுப் பகலில் லேக் மார்க்கெட் வாசலில் வேர்த்து வழிந்துகொண்டு என்னை முறைப்பார்கள். குளிராது என்றால் அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கி, சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டினதும் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, நீதானே சொன்னாய் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் வசவு எனக்குத்தான்.

விஷயம் இதுதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் இந்த ஊர் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டிசம்பர் பாதியில் வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். அந்த ஈரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். உதடு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். பகல் வெயில் சுகமாக இருக்கும், பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரலாம். ராத்திரி மொசைக் தரையில் வெறுங்காலை வைத்தால் உள்ளங்கால் வழியாகக் குளிர் ஏறும். இங்கே வீடுகள் எல்லாம் வெயிலை நினைத்துக் கட்டியவை, குளிருக்கு ஏற்பாடு எதுவும் கிடையாது. காலையில் மூடுபனியோடு புகையும் சேர்ந்துகொண்டு தொண்டை கரகரக்கும். பிப்ரவரி பாதியில் எல்லாம் முடிந்துவிடும், மறுபடி வேர்க்க ஆரம்பிக்கும். ஒரு ஸ்வெட்டர், ஒரு சால்வை, இரண்டு ஜோடி சாக்ஸ் போதும். இதை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் அப்பா. நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை.

அப்பா விருதுநகர்க்காரர். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலையில் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். நான் அப்போது டாக்குரியாவில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருந்தேன், ஐ.டி. வேலை. கூட வேலை பார்த்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறேன் என்று தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் சொன்னேன். அவன் பெங்காலி, பாலிகஞ்சில் அவன் அம்மாவோடு இருந்தான். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் ஒரு வழியாக முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் மீன் உண்டு, அதனால் சாப்பாட்டுப் பேச்சும் எழவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவ்வளவு தூரத்துல போய் உக்காந்துக்கிட்டு, நாளைக்கு நீ விழுந்தா யாரு பிடிப்பா, பாப்பா?"

சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அப்பா சரி சொல்லாமல் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போடுகிற தைரியம் எனக்கு இருந்தது என்று வெளியில் பீற்றிக்கொள்வேன். நிஜத்தில் இல்லை. அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவேண்டும் என்று ராப்பகலாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்த பிறகு திடீரென்று ஃபோன் செய்தார். ஊர் பார்க்க வருகிறேன், அங்கே குளிர் எப்படி என்று கேட்டார். நான் மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் தன் ஃபோனிலும் பார்த்துவிட்டார். பகல் இருபத்தைந்து டிகிரி என்று போட்டிருக்கிறதே, பேங்கில் ஏ.சி.யே இருபத்திநாலில்தானே ஓடுகிறது, இதற்குப் போய் ஸ்வெட்டரா என்று சிரித்தார். பக்கத்திலேயே ராத்திரிக்கு வேறு ஒரு எண் இருந்தது. அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி, பயணம் முடியாது. ஆனால் அப்பாவின் சூட்சுமத்தை அம்மாதான் எனக்குப் பிரித்துச் சொன்னாள். மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது அல்லவா, அதனால்தான் மார்கழியில் வருகிறாராம். பையனைப் பார்ப்பார், வீட்டைப் பார்ப்பார், ஆனால் யாரும் அவரிடம் சரியா என்று கேட்க முடியாது. தை பிறக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். தை பிறந்தும் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொள் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, அவர் கில்லாடி.

இதை நான் அவனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர்கள் பஞ்சாங்கத்திலும் அந்த மாதத்துக்கு அதே சட்டம்தான். பௌஷ் மாதம் என்பார்கள். அதில் நல்ல காரியம் பேசமாட்டார்கள். நான் மாஷிமா என்று கூப்பிடுகிற அவன் அம்மாவும், அப்பாடா, இந்த மாதம் எதுவும் பேசவேண்டாம் என்று நிம்மதியாக இருந்தாராம். அவருக்கும் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்ததோ என்னவோ. ஆகமொத்தம், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சந்திப்பார்கள், எதற்காகச் சந்திக்கிறார்களோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். மற்றது என்றால் வேறு என்ன இருக்கிறது? குளிர்தான்.

ஹௌரா ஸ்டேஷனுக்கு அவனும் என்னோடு வந்தான். காலை நேரம், பனிமூட்டம், ரயில் தாமதம். அந்தக் குரங்குக் குல்லாவை மட்டும் போட்டுக்கொண்டு வராதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இந்த ஊரில் தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடி முகத்தை மட்டும் விடுகிற கம்பளிக் குல்லா இல்லாத வீடு கிடையாது. தலையில் பனி இறங்கினால் ஆயுசுக்கும் நோய் என்று ஒரு பயம். மாஷிமா வாசல்வரை வந்து மாட்டிவிட்டிருக்கிறார். மேலே மஃப்ளர் வேறு. அப்பா வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக இறங்கினார். அவன் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில், "பையனுக்கு உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை, இங்கே எல்லோரும் இப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. டாக்ஸியில் வரும் வழியெல்லாம் அவன் இருமுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவனுக்கோ என் அப்பாவைப் பார்த்து வேறு கவலை. அரைக்கைச் சட்டையோடு இருக்கிறாரே, சளி பிடித்துவிடுமே என்று என் காதில் கிசுகிசுத்துக்கொண்டே வந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நோயாளி என்று நினைத்துக்கொண்டு என் ஃப்ளாட் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் அப்பாவை டாக்குரியா ஏரிக்கு நடக்கக் கூட்டிப்போனேன். அவர் குரல் கட்டியிருந்தது. ஃபேன் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டு அதன் அடியில் என்னுடைய இரண்டு கம்பளியையும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். விடிந்ததும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு, பல் கிட்டிக்க, குளிரெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். சொல்லியா கேட்கப்போகிறார்.

ஏரிக்கரையில்தான் அவர் முகம் மாறியது. நடக்கிற பெரியவர்கள், ஓடுகிற இளைஞர்கள், பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை, எல்லோர் தலையிலும் அதே குல்லா. ஒரு தெருநாய்க்கு யாரோ பழைய ஸ்வெட்டர் கையை மாட்டிவிட்டிருந்தார்கள். அப்பா நின்று பார்த்தார். இவ்வளவு பேருக்கும் உடம்பு சரியில்லாமல் இருக்க முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று. மண் குவளையில் டீ ஊற்றுகிறவரிடம் சைகையிலேயே கேட்டார்; ஆரஞ்சு விற்கிறவரிடம் கேட்டார்; லேக் மார்க்கெட்டில் தமிழ் பேசுகிற மளிகைக்கடைக்காரர் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். எத்தனை நாள் இப்படி இருக்கும், மழை உண்டா, ராத்திரி எவ்வளவு இறங்கும், குழந்தைகளை எப்படிக் குளிப்பாட்டுவார்கள். ஊர் பார்க்க வந்தவர் ஒரு கோவில், ஒரு கட்டிடம் பார்க்கவில்லை. குளிரைத்தான் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்து, ஒரு வீட்டிலும் ஃபேன் ஓடவில்லையே, இந்த ஊரில் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு சந்தேகம் வேறு. மார்கழி முழுக்க இங்கே யாரும் ஃபேனைத் தொடமாட்டார்கள் என்றேன். வேலை பார்த்த காலம் பூராவும் ஜனங்களுக்கு ஃபேன் ஓடவேண்டுமே என்று கம்பம் கம்பமாக ஏறினவர் அதைக் கேட்டுக் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்.

இதை அன்றைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

பாலிகஞ்ச் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போனோம். பழைய கட்டிடம், லிஃப்ட் இல்லை, மூன்றாவது மாடி. அப்பாவுக்கு நான் வற்புறுத்தி ஒரு ஸ்வெட்டர் மாட்டிவிட்டிருந்தேன். படியேறி முடித்ததும் அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. மாஷிமா கதவைத் திறந்து கைகூப்பினார். சால்வை, சாக்ஸ், நெற்றியில் பெரிய பொட்டு. உள்ளே எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. மேஜைமேல் பேரீச்சவெல்லம் போட்ட சந்தேஷ் என்கிற பால் இனிப்பு, காலிஃப்ளவர் வைத்த சிங்காரா என்கிற சமோசா, டீ. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற அந்த வெல்லத்தின் வாசனை அறை முழுக்க இருந்தது. அவனும் அப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தான். தலையில் குல்லா.

நான் நினைத்தபடியே பேச்சு தொடங்கியது. உங்கள் ஊரில் குளிர் உண்டா என்று மாஷிமா இங்கிலீஷில் கேட்டார். விருதுநகரில் வெயில், அதிக வெயில், பிறகு கொஞ்சம் குறைந்த வெயில் என்று அப்பா இங்கிலீஷில் சொன்னார். மாஷிமா சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் அப்பா என் பக்கம் சாய்ந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"வந்தவங்களுக்கு ஒரு ஃபேன்கூடப் போடமாட்டாங்களா?"

எங்கள் பக்கம் விருந்தாளி உள்ளே நுழைந்தால் தண்ணீருக்கு முன்னால் ஃபேன். ஃபேன் போடாத வீடு நம்மை மதிக்காத வீடு. இங்கேயோ, மார்கழியில் ஒருவர் வந்திருக்கும்போது ஃபேன் போட்டால் அவரைக் கொல்லப் பார்க்கிறோம் என்று அர்த்தம். மாஷிமா ஜன்னலைச் சாத்தி வைத்திருந்ததே அப்பாவுக்காகத்தான். இதையெல்லாம் தமிழில் விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவிட்ச்போர்டு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும். வாரியத்துச் சொத்து என்று நினைப்பு. நேராகப் போய் சுவிட்சைத் தட்டி, ரெகுலேட்டரையும் கடைசிவரை திருப்பினார்.

அந்த ஃபேன் காளிபூஜையிலிருந்து, அதாவது நம் தீபாவளியிலிருந்து, ஓடவில்லை. இறக்கைகளின்மேல் சேர்ந்திருந்த தூசி மொத்தமும் ஒரே சுற்றில் கிளம்பியது. டீயில் விழுந்தது, சந்தேஷில் விழுந்தது, மாஷிமாவின் வெள்ளைச் சால்வையில் கருப்பாக விழுந்தது. அப்பாவின் வழுக்கையில் திட்டாக நின்றது. மாஷிமாவுக்குத் தூசி ஆகாது, இருமல் பிடித்துக்கொண்டது. அந்த இருமலுக்கு நடுவிலும் அவர் அப்பாவைப் பார்த்து, "டாண்டா லேகே ஜாபே," என்றார். குளிர் பிடித்துவிடும், அணையுங்கள் என்று கெஞ்சினார். அறையில் தலை சுத்தமாக இருந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

நான் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தை பிறக்கவே வேண்டாம், இங்கேயே முடிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கு முகம் செத்துப்போயிருந்தது. என் அப்பாவை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவருக்கு அவமானம் வந்தால் வேலைதான் செய்யத் தெரியும். ஸ்வெட்டரைக் கழற்றினார், ஈரத்துணி கேட்டார், ஏணி கேட்டார், மெயினை அணைக்கச் சொல்லு என்றார். விருந்தாளி இதெல்லாம் செய்யக்கூடாது என்று மாஷிமா பதறினார். அப்பா காதில் வாங்கவில்லை. ஏணி இல்லை. சமையலறையிலிருந்து ஓர் உயரமான பழைய ஸ்டூல் வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அவன் யாரும் சொல்லாமலேயே மண்டிபோட்டு ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கம்பத்தில் ஏறுகிறவனுடைய உயிர் கீழே ஏணி பிடிக்கிறவன் கையில்தான் இருக்கிறது என்று அப்பா எத்தனையோ தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறார். மேலேயிருந்து தூசி விழுந்தால் கீழே பிடிக்கிறவன் கண்ணைக் கசக்கக் கையை எடுக்கிறானா இல்லையா, அங்கேதான் ஆள் யார் என்று தெரியும் என்பார். அன்றைக்கு அதெல்லாம் எனக்கு நினைவிலேயே இல்லை. மாஷிமா மறுபடி இருமாமல் இருக்கவேண்டுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

அப்பா ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தார். பிசுக்கோடு சேர்ந்த தூசி கட்டிகட்டியாக அவன் முகத்தில் விழுந்தது. குல்லா தலையைக் காப்பாற்றியது, கண்ணைக் காப்பாற்றவில்லை. கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. அப்பா குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கச் சொல்லு என்றார் என்னிடம். நான் சொன்னேன். அவன் கையை எடுக்கவில்லை. அண்ணாந்து பார்க்கவும் முடியாமல் இங்கிலீஷில் சொன்னான்.

"அங்கிள் இறங்கட்டும். அப்புறம் துடைச்சுக்கறேன்."

நான் அதைத் தமிழில் சொல்லப் போனேன். புரிந்தது என்று அப்பா கையைக் காட்டினார். பிறகு மிச்ச இறக்கைகளையும் துடைத்தார். முன்னைவிட நிதானமாகத் துடைத்தார் என்று எனக்குத் தோன்றியது. இவருக்கு எதற்கு இந்த நேரத்தில் இவ்வளவு பொறுமை என்று எரிச்சலாக வந்தது.

இறங்கியதும் மாஷிமா வேறு டீ போட்டுக் கொடுத்தார். சந்தேஷ் இன்னொரு டப்பாவில் இருந்தது நல்லதாயிற்று. பேச்சு மறுபடி குளிருக்கே போனது. இந்த வருஷம் குளிர் லேட், போன வருஷம் சுருக்க முடிந்துவிட்டது, புகைதான் தாங்கவில்லை என்று மாஷிமா சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் ஃபேன் பேச்சை எடுக்கவில்லை. கிளம்பும்போது மாஷிமா ஒரு புதுக் குல்லாவைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார். அப்பா அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள என் காது துடித்தது. பாதி வழியில், "அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. இறங்கினப்புறம்தான் கவனிச்சேன்," என்றார். ஆடுகிற ஸ்டூலைக் கொடுத்துவிட்டார்கள் என்று குறை சொல்கிறார், அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு நாளில் அவர் ஊருக்குக் கிளம்பிப் போனார். ஹௌராவில் ரயில் நகரும்போதுகூட, தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்துக்கோ என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு ஃபோனில் அம்மாதான் பேசினாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டால், தை பிறக்கட்டும் என்பாள். அவர் பேசாமல் இருக்கிறாரா, யோசித்துக்கொண்டு இருக்கிறாரா, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தை பிறந்த அன்று காலை டாக்குரியா ஃப்ளாட்டில் நான் குக்கரில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். நம் வெல்லம் தீர்ந்துபோயிருந்தது, பேரீச்சவெல்லத்தைப் போட்டேன். அவன் வந்திருந்தான். அவர்களுக்கும் அன்றோடு அந்த மாதம் முடிகிறது. மாஷிமா அரிசிமாவில் தேங்காயும் வெல்லமும் வைத்து அவித்த பிட்டே செய்து கொடுத்தனுப்பியிருந்தார். பார்த்தால் கொழுக்கட்டையேதான். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியில் அன்றைக்கு நல்ல குளிர்.

ஃபோன் வந்தது. அம்மா அல்ல, அப்பா. பொங்கல் வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். சாக்ஸ் போட்டிருக்கிறாயா என்றார். போட்டிருந்தேன். பின்னால் எங்கள் வீட்டு ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏன் பாப்பா, சித்திரை வைகாசியில அங்க எப்படி இருக்கும்?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அது கல்யாண முகூர்த்தம் வருகிற காலம் என்று உறைத்ததும் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன, என்ன என்று கையை ஆட்டினான். பொய் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இந்த ஊரைப் பற்றி அப்பாவிடம் பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

"ரொம்பக் கஷ்டமா இருக்கும்ப்பா. வேர்த்துக் கொட்டும்."

"கொட்டட்டும்," என்றார் அப்பா. "அதான் ஃபேனைத் துடைச்சு வச்சுட்டு வந்திருக்கேன்ல."